ஆடி பொறந்து நாலு நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாளையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மூளையில் எந்தப் புரதம் எங்கே படிகிறது என்று படத்தோடு விளக்கியிருந்தீர்கள். நம்ம பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையத்தைப் பற்றியும் நாலு வரி இருந்தது. எல்லாம் சரி. ஆனால் தலைப்பில் ‘மறதி நோய்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். அந்தப் பெயரை நம்பியே எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷம் வீணாகப் போனது. கடிதம் கொஞ்சம் நீளம். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள்.

நான் அல்சூரில் நாற்பது வருஷமாக இருக்கிறேன். தூரவாணிநகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவர். தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். அம்மாவுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுத்து ஓடாது. பேச்சுக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. வீட்டில் தமிழ், மார்க்கெட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சிவாஜிநகர் துணிக்கடையில் உருது கலந்த ஹிந்தி.

எங்கள் தெருவில் அம்மா முப்பது வருஷம் சீட்டு பிடித்தார். 20 பேர், ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். நோட்டு, பேனா எதுவும் கிடையாது. யார் எடுத்தாகிவிட்டது, யார் பாதி கொடுத்து மீதி சொல்லியிருக்கிறார்கள், எந்த மாதம் எவ்வளவு தள்ளுபடியில் ஏலம் போனது எல்லாம் தலைக்குள்தான். முப்பது வருஷத்தில் ஒரு ரூபாய்க்குத் தகராறு வந்ததில்லை. 2022 தை மாதம், ஏற்கெனவே சீட்டு எடுத்த ஒரு அம்மாவின் கையிலேயே மறுபடியும் பணத்தைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா நல்லவர். சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து, “நான் புரட்டாசியிலேயே எடுத்துட்டேனே, மறந்துட்டீங்களா?” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

ஏன் சிரித்தோம் என்றால், அம்மாவுக்கு மறதி இல்லை என்பது எங்கள் வீட்டில் முடிந்துபோன விஷயம். 1950-களில் சாம்பியன் ரீஃபில் எந்த லைனில் எந்தக் குடும்பம் இருந்தது என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். என் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று சொல்வார். இப்படிப்பட்டவருக்கு மறதி நோய் என்றால் யார் நம்புவார்கள்? பழசு அப்படியே நிற்கும், நேற்று நடந்ததுதான் முதலில் நழுவும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்புறம் வந்ததெல்லாம் மறதி மாதிரியே தெரியவில்லை. பத்து வருஷமாக வீட்டுவேலைக்கு வரும் பெண்ணைத் திருடி என்றார். சோமேஸ்வரர் கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு தெரு முன்னாலேயே திரும்பி, யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டு நின்றார். காலையில் நந்தினி பால் வாங்க மூன்று தடவை போனார். குணம் மாறிவிட்டது, வயசானால் சந்தேகம் வரும் என்று நாங்களே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டோம்.

கடைசியில் 2023 ஜூலை 20 அன்று ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். பெயர் வேண்டாம். டாக்டர் கெட்டவர் இல்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். மேசையில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள். அவர் கன்னடத்தில் கேட்டார், அம்மாவுக்குக் காது கேட்கவில்லை, நான் தமிழில் சத்தமாகச் சொன்னேன். இன்றைக்கு என்ன தேதி? அம்மா யோசிக்கவே இல்லை. “ஆடி பொறந்து நாலு நாள்.”

சரியான பதில். அந்த வருஷம் ஜூலை 17 ஆடி முதல் தேதி, காலண்டரைப் பாருங்கள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் மொழிபெயர்த்தேன், அவர் தாளில் சுழி போட்டார். ஆங்கிலத் தேதியை அம்மா வாழ்நாளில் எதற்கும் பயன்படுத்தியது இல்லை. பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். “எதுக்கு?” என்றார் அம்மா. அதற்கும் சுழி. ஒரு ஆங்கில வார்த்தையின் எழுத்துகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னபோது, எழுத்தே தெரியாது என்று நான் சொன்னேன். பரவாயில்லை என்று அதற்கும் சுழி போட்டார். 30-க்கு 9. நோய் முற்றிவிட்டது, இனி பெரிதாகச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, இந்த மாத்திரையைக் கொடுங்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம். ஆட்டோவில் அம்மா என்னைப் பார்த்து, “அந்த ஆளுக்குக் கணக்கு வராதா? என்னைப் போய் கேக்கறான்” என்றார்.

மூன்று மாதம் கழித்து, என் மகள் பிடிவாதமாக ஒரு அரசு மருத்துவமனையின் ஞாபக கிளினிக்கில் சீட்டு வாங்கினாள். அங்கே உளவியல் பிரிவில் ஓர் இளம் பெண், கிருஷ்ணகிரிப் பக்கம். “வாங்க பாட்டி” என்றதும் அம்மா, “பாட்டின்னா பாப்பாரு வீட்ல. நான் ஆயா” என்றார். அன்றிலிருந்து ஆயாதான். அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதலில் காதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு காதிலும் அழுக்கு அடைத்திருந்தது. அதை எடுத்த பிறகும் வலது காது மந்தம், கருவி வைக்க வேண்டியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 குறைவு என்று வந்தது, ஊசி போட்டார்கள். தைராய்டும் பார்த்தார்கள். இவையெல்லாம் மறதியைப் போலவே வேஷம் போடுமாம். காது கேட்காதவர் பதில் சொல்லாவிட்டால் புத்தி இல்லை என்று எழுதிவிடுகிறோம் என்றார் அந்தப் பெண். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், ஞாபகமும் புத்தியும் மங்கிப்போகும் டிமென்ஷியாவுக்கு (அல்சைமர் அதில் ஒரு வகை) தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடிந்த 14 காரணங்களில் காது மந்தமும் ஒன்று, நீரிழிவு, ரத்த அழுத்தம், சரிசெய்யாத கண் பார்வை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இந்த 14-ஐயும் ஒழுங்காகக் கவனித்தால் உலகத்தில் கிட்டத்தட்ட 45 சதவீத நோயைத் தடுக்கவோ தாமதிக்கவோ முடியும் என்கிறது அந்த அறிக்கை. காது அழுக்கை எடுக்க எங்களுக்கு ஆன செலவு ஆட்டோ கட்டணத்தைவிடக் குறைவு.

இரண்டு வாரம் கழித்து நடந்ததைத்தான் சோதனை என்று சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. “ஆயா, 20 பேர் சீட்டு, 3000 ரூபா தள்ளுபடியில ஏலம் போச்சு. ஆளுக்கு எவ்வளவு குறையும்?” என்று கேட்டார் அந்தப் பெண். அம்மா சட்டென்று, “நூத்தம்பது. கமிஷன் எடுத்துட்டியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வாரம் வரை முற்றிய நோயாளி என்று நான் அழுதுகொண்டிருந்த ஆள் இவர்.

அப்புறம், “ரசம் எப்படி வெப்பீங்க?” என்று கேட்டார். அம்மா உற்சாகமாக ஆரம்பித்தார். தக்காளியைக் கையால் பிசையணும், மிளகு சீரகம் பூண்டு தட்டிப் போடணும், கடுகு தாளிக்கணும், நுரை கட்டினதும் இறக்கணும், கொதிக்க விட்டா ரசமே இல்லை, கடுகு தாளிக்கணும், கொத்தமல்லியைக் கிள்ளித்தான் போடணும், அரியக் கூடாது, அப்புறம் கடுகு தாளிக்கணும். கை ஜாடையோடு, வாசனை வருகிற மாதிரி சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே கேட்டேன். வெளியே வந்ததும் அந்தப் பெண் மெதுவாக என்னிடம் சொன்னார்: “மூணு தடவை கடுகு தாளிச்சாங்க சார். புளி ஒரு தடவைகூடக் கரைக்கல.”

நான் கவனிக்கவே இல்லை. ஐம்பது வருஷம் அந்த ரசத்தைச் சாப்பிட்டவன்.

சோதனையின் நடுவில் மாங்காய், குடை, சாவி என்று மூன்று பொருளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். கால் மணி கழித்துக் கேட்டபோது மூன்றும் இல்லை. சீட்டுக் கணக்குக் கேட்டதே அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. வீட்டில் நடப்பதை என்னிடமும் என் மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மூளைப் படமும் எடுத்தார்கள். அல்சைமர்தான், ஆரம்பக் கட்டம் தாண்டி நடுவில் இருக்கிறது என்றார்கள். நோய் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, அதனால் இது சந்தோஷமான கதை இல்லை. ஆனால் எது போயிருக்கிறது, எது இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. முதலில் போன மருத்துவமனையில், இருந்ததையெல்லாம் போய்விட்டது என்று எழுதினார்கள். உண்மையில் போனது எதுவோ, அதை அவர்கள் கேட்கவே இல்லை.

இந்தச் சிக்கல் ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியாதது இல்லை. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் எழுத்தறியாத முதியவர்களுக்காக இந்தக் கேள்விகளையே மாற்றி, ஹிந்தியில் ஒரு சோதனையை உருவாக்கி 1995-ல் வெளியிட்டார்கள். எழுத்துகளைத் தலைகீழாகச் சொல் என்பதற்குப் பதிலாகக் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல் என்றார்கள். எவ்வளவு எளிய மாற்றம். 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் ஆய்வு செய்தது. (அப்போது உலகின் டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள், அவர்களைப் பற்றிய கள ஆய்வோ பத்து சதவீதம்கூட இல்லை. அந்தக் கோபத்தில் வைத்த பெயர் அது.) பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மொழிகளுக்கும் ஒரே தரத்தில் ஒரு சோதனைத் தொகுப்பு தயாரித்தபோது முதலில் வந்தவை ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம். ஆய்வு நடந்த ஊர்களின் மொழிகள் அவை, சதி ஒன்றும் இல்லை. ஆனால் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் கிழவிக்கு அதனால் என்ன லாபம்? கன்னடத்தில் பேரம் பேசுவார், சண்டையும் போடுவார். ஞாபகத்தைக் கன்னடத்தில் தேடச் சொன்னால் முடியுமா?

மொழி என்றதும் இன்னொன்று. ஹைதராபாத்தில் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசுபவர்களைவிட இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது, எழுத்தறியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. அவர் பிறகு நம்ம ஊர் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு வந்தார். இதை அம்மாவிடம் சொல்லி, நாலு பாஷை பேசறதால உனக்கு லேட்டா வந்திருக்கு என்றேன். உண்மையில் இரண்டுக்கு மேல் எத்தனை மொழி தெரிந்தாலும் கூடுதல் பலன் இல்லை என்றுதான் அந்த ஆய்வு சொன்னது. அம்மாவின் மூன்றாவது, நாலாவது பாஷைக்கு போனஸ் கிடையாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பாஷைகள்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. முதலில் ஹிந்தி போனது. கன்னடம் போன வருஷம் போனது, முப்பது வருஷம் காய் வாங்கிய கடைக்காரர் “சென்னாகித்தீரா அம்மா?” என்று கேட்டபோது அம்மா என் முகத்தைப் பார்த்தார். தமிழிலும் அல்சூர்த் தமிழ் மறைந்து தங்கவயல் தமிழ் மேலே வந்திருக்கிறது. என்னை ‘நைனா’ என்று கூப்பிடுகிறார். எங்கள் பக்கம் அப்பாவும் நைனா, செல்லமாகக் கூப்பிட்டால் பிள்ளையும் நைனா. எந்த நைனாவாக என்னைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

சாயங்காலம்தான் கஷ்டம். ஐந்து மணி ஆனால், “சங்கு ஊதிடுச்சு, ஷிப்டு முடிஞ்சு வந்துடுவாங்க, சோறு வெக்கணும், வீட்டுக்குப் போறேன்” என்று செருப்பைத் தேடுவார். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரியிலேயே மூடியாகிவிட்டது என்று முதலில் எல்லாம் விளக்கிச் சொல்வேன். சண்டைதான் மிச்சம். வீட்டோடு பார்த்துக்கொள்ள ஓர் ஏஜென்சி மூலம் அஸ்ஸாம் பெண் ஒருத்தியை வைத்திருக்கிறோம். மாதம் 24,000 ரூபாய். அதில் அவள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் ஏஜென்சிக்காரர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். அந்த நோயைப் பற்றி அவளுக்கு அவர்கள் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவளாகவே கற்றுக்கொண்டது ஒரு தமிழ் வாக்கியம்: “சங்கு இன்னும் ஊதல ஆயா.” அம்மா, “ஊதலையா?” என்று உட்கார்ந்துவிடுவார். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும். எங்கள் வீட்டில் இதுவரை வந்த வைத்தியத்தில் இதுதான் நன்றாக வேலை செய்கிறது.

உங்கள் கட்டுரையில் புது மருந்துகளைப் பற்றி நம்பிக்கையோடு எழுதியிருந்தீர்கள். லெக்கனமாப் 2023-லும் டோனனமாப் 2024-லும் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. லெக்கனமாப் ஆய்வில் 18 மாதத்தில் நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. போனது திரும்பவில்லை. மூளை வீக்கம், ரத்தக் கசிவு ஆபத்து உண்டு, அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். முக்கியமாக, ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அந்த ஆரம்பக் கட்டத்தை யார், எந்தப் பாஷையில் கண்டுபிடிப்பது? 2022 தை மாதம், சீட்டுப் பணம் கைமாறிய அன்று, எங்கள் அம்மா அந்தக் கட்டத்தில் இருந்திருப்பார்.

கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் என் மைத்துனருக்கு மாங்காய் மண்டி. அந்தத் தாலுகாவில் 45 வயதுக்கு மேற்பட்ட, டிமென்ஷியா இல்லாத பத்தாயிரம் பேரைச் சேர்த்து, வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது உங்கள் கட்டுரை சொன்ன மூளை ஆராய்ச்சி மையத்தின் திட்டம். ரத்தம், மூளைப் படம், நடை, ஞாபகம் என்று எல்லாம் பார்க்கிறார்கள். இங்கே கிராமத்து மூளையைப் பற்றி இவ்வளவு நாள் அதிகம் பேருக்கு அக்கறை இருந்ததில்லை, அதனால் எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. அதேபோல நாடு தழுவிய ஓர் ஆய்வு 2023-ல் வந்தது: 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. பெண்களிடமும் படிக்காதவர்களிடமும் அதிகம். அதாவது என் அம்மா மாதிரி ஆட்களிடம். அந்த ஆய்வில் வீட்டாரிடமும் தனியாகக் கேட்டார்கள். ஆராய்ச்சியில் எடுக்கும் இந்தச் சிரத்தை, பத்து நிமிஷ கிளினிக்கின் மேசை வரைக்கும் வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

யார் பெயரால் இந்த நோயைச் சொல்கிறோமோ அந்த ஜெர்மன் டாக்டர் அல்சைமர் 1901 நவம்பரில் ஃபிராங்ஃபர்ட்டில் அகஸ்தே என்ற 51 வயதுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள், அவர் எழுதியபடியே இன்னும் இருக்கின்றன. பெயர் என்ன? அகஸ்தே. கணவர் பெயர்? அகஸ்தே என்று நினைக்கிறேன். தட்டில் இருந்தது காலிஃபிளவரும் பன்றிக்கறியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் கீரை என்றாள். அந்தப் பெண்ணின் பாஷையில், அவள் தட்டில் இருந்ததைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். கிருஷ்ணகிரிப் பெண் ரசத்தைக் கேட்ட மாதிரியேதான்.

எனவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த செப்டம்பர் வரை காத்திருக்காமல், அரைப் பக்கம் ஒதுக்குங்கள். புரதப் படம் வேண்டாம். கணக்கு வழக்கு தடுமாறுகிறதா, தெரிந்த தெருவில் வழி தப்புகிறதா, பழக்கப்பட்ட சமையலில் ஒரு படி காணாமல் போகிறதா, திடீரென்று சந்தேகம் வருகிறதா என்று வீட்டில் பார்க்க வேண்டியதைத் தமிழில் போடுங்கள். டாக்டரிடம் போகும் முன் காதைச் சோதியுங்கள் என்று முதல் வரியாகப் போடுங்கள். தலைப்பில் ‘மறதி’ வேண்டாம் என்று நான் சொன்னாலும் வேறு நல்ல சொல் எனக்கும் தெரியவில்லை. உங்கள் உதவி ஆசிரியர்கள் யோசிக்கட்டும்.

பெங்களூரு மருத்துவமனைகளுக்கு: ஞாபக கிளினிக்கில் கன்னடம், ஆங்கிலம் தாள்களோடு ஒரு தமிழ்த் தாளும், அதைக் கேட்கத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். வாரம் ஒரு நாள் போதும். நம் தமிழ் மருத்துவர்களும் உளவியல் படிக்கும் பிள்ளைகளும் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் நம் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்கே மாதம் ஓர் அறை கொடுத்தால், இப்படி வீட்டில் ஒருவரை வைத்திருக்கும் குடும்பங்கள் கூடிப் பேசலாம். நாற்காலி போடுவது, தாளை ஜெராக்ஸ் எடுப்பது, டீ வாங்கி வருவது என் பொறுப்பு. என் பெயரை அச்சில் போட வேண்டாம், அம்மாவிடம் சீட்டு கட்டியவர்கள் இன்னும் இதே தெருவில் இருக்கிறார்கள். தொலைபேசி எண்ணைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் கொடுங்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை மட்டும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது சங்கு ஊதும் நேரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. ஊழியர்,
அல்சூர், பெங்களூரு.